பெயர் இல்லாத கவர், நோக்கம் எழுதிய கவர்: சர்ச் கணக்கில் எதை எங்கே எழுதுவது?

ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்ததும், பெரும்பாலான சர்ச்சுகளில் பின்பக்க அறையில் காணிக்கைப் பையைக் கொட்டி எண்ணத் தொடங்குவார்கள். பத்து ரூபாய் நாணயங்கள், நாலாக மடித்த ஐந்நூறு, பிறந்தநாள் ஸ்தோத்திரக் கவர்கள். நடுவே ஒரு வெள்ளைக் கவர். பெயர் இல்லை. உள்ளே ஐம்பதாயிரம் ரூபாய். மேலே பேனாவால் ஒரே வரி: ‘ஸ்கூல் கூரைக்கு.’

எண்ணுகிறவர்களுக்கு சந்தோஷம். பொருளாளருக்கு மட்டும் லேசாகத் தலைவலி ஆரம்பிக்கும். கொடுத்தது யார் என்று தெரியாதது ஒரு சிக்கல். எதற்குக் கொடுத்தார் என்று தெரிந்துபோனது இன்னொரு சிக்கல். இரண்டும் ஒரே கவரில் வந்தால், இந்திய வருமான வரிச் சட்டத்தில் அதற்குத் தனியாக ஒரு மூலையே இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை.

‘இதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம், நமக்கென்ன?’ என்று நினைக்காதீர்கள். இப்போதெல்லாம் சபைக் கமிட்டியில், பங்குப்பேரவையில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவரைப் பிடித்து, “தம்பிக்கு எக்செல் நல்லா வரும்ல? அப்போ நீங்கதான் பொருளாளர்” என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். மாட்டிக்கொண்ட பிறகு கேட்பதைவிட முன்னாடியே தெரிந்துகொள்வது நல்லது. பொருளாளர் ஆகாவிட்டாலும், கவரில் பணம் போடுகிறவராக நீங்கள் இருக்கலாம்.

யாருக்குத் தெரியக்கூடாது?

‘பெயர் வேண்டாம்’ என்று ஒருவர் சொல்லும்போது அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். சபையாருக்குத் தெரிய வேண்டாம், மைக்கில் வாசிக்க வேண்டாம், கல்வெட்டில் வேண்டாம் என்பது ஒன்று. கணக்கு எழுதுகிறவருக்கே தெரிய வேண்டாம் என்பது இன்னொன்று. நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் சொல்வது முதல் அர்த்தத்தில்தான். மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் வலது கை, இடது கை பற்றி வரும் போதனையும் மனிதர் பார்க்கவேண்டும் என்று கொடுப்பதைத்தான் கண்டிக்கிறது. ரசீது புத்தகத்தை அது ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வித்தியாசத்தைப் பொருளாளர் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கொடுத்தவரின் பெயர், முகவரியைப் பதிவேட்டில் எழுதுங்கள். எண்ணிட்ட ரசீது கொடுங்கள். மாத அறிக்கையிலும் அறிவிப்பிலும் ‘பெயர் வெளியிட விரும்பாத ஒரு குடும்பம்’ என்று மட்டும் வரட்டும். பதிவேட்டைப் பார்க்கும் உரிமை பொருளாளர், குருவானவர், ஆடிட்டர் ஆகிய மூன்று பேரோடு நிற்கட்டும். குருவானவருக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று நினைக்கும் சபைகளும் உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார் என்று தெரிந்துவிட்டால் வீடு சந்திக்கப் போகும் முறையே மாறிவிடும் என்ற பயம் அதற்குக் காரணம். அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

உண்மையிலேயே யாரென்று தெரியாத கவருக்கும், உண்டியலில் விழும் பணத்துக்கும் இது பொருந்தாது. அங்கேதான் வரிச் சட்டம் வருகிறது.

30 சதவீதம் என்பது யாருக்கு?

2006-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 115பிபிசி என்ற பிரிவைச் சேர்த்தது. கொடுத்தவரின் பெயர், முகவரி பதிவேட்டில் இல்லாத நன்கொடை ‘பெயரில்லா நன்கொடை’. அது குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 30 சதவீத வரி. கணக்கில் வராத பணத்தைக் கல்லூரி, மருத்துவமனை அறக்கட்டளைகளின் வழியாக ‘நன்கொடை’ என்று உள்ளே கொண்டுவருவதைத் தடுக்க வந்த பிரிவு இது.

அளவு என்ன? அந்த ஆண்டின் மொத்த நன்கொடையில் 5 சதவீதம், அல்லது ஒரு லட்சம் ரூபாய். இதில் எது அதிகமோ, அதுவரை இந்த 30 சதவீதம் கிடையாது. ஒரு தொண்டு அறக்கட்டளைக்கு ஆண்டில் 40 லட்சம் வந்தது, அதில் 5 லட்சத்துக்குப் பெயரில்லை என்று வையுங்கள். 40 லட்சத்தில் 5 சதவீதம் 2 லட்சம். மீதி 3 லட்சத்துக்கு 30 சதவீதம், அதாவது 90,000 ரூபாய் வரி. செஸ் தனி.

சர்ச் உண்டியலுக்கும் இதே கதியா? இல்லை. முழுக்க மத நோக்கத்துக்காக மட்டும் உள்ள அறக்கட்டளைக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. கோயில், மசூதி, குருத்வாரா, சர்ச் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். உண்டியலில் போடுகிறவரிடம் ஆதார் கேட்க முடியாது என்பதை சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆனால் நம் ஊர் மறைமாவட்டங்கள், திருமண்டலங்கள் பலவும் வெறும் வழிபாட்டு அமைப்புகள் அல்ல. ஒரே பதிவின் கீழ் ஆலயமும் இருக்கும், பள்ளிக்கூடமும் இருக்கும், ஆஸ்பத்திரியும் இருக்கும். மதமும் தொண்டும் சேர்ந்த இந்த வகைக்கும் விலக்கு உண்டு, ஒரு நிபந்தனையோடு. அந்த அமைப்பு நடத்தும் கல்வி நிறுவனத்துக்கோ மருத்துவமனைக்கோ என்று கொடுத்தவரே குறிப்பிட்டு, பெயரில்லாமல் கொடுத்தால் விலக்கு கிடையாது.

இப்போது அந்த வெள்ளைக் கவரை மறுபடி எடுங்கள். ஒன்றுமே எழுதாமல் போட்டிருந்தால் வரியில்லை. ‘சர்ச் கூரைக்கு’ என்று எழுதியிருந்தாலும் வரியில்லை. ‘ஸ்கூல் கூரைக்கு’ என்று எழுதியதால் அந்த ஐம்பதாயிரம் பெயரில்லா நன்கொடைக் கணக்குக்குள் போய்விட்டது. மேலே சொன்ன அளவைத் தாண்டாதவரை கையிலிருந்து எதுவும் போகாது. ஆனால் ஆண்டு முழுக்க இப்படி வருவதைத் தனியாகக் கூட்டிக்கொண்டே வராவிட்டால் தாண்டியதே தெரியாது. பள்ளி வேறு அறக்கட்டளையின் பெயரில் இருந்தால் கதை இன்னும் வேறு. அப்போது சர்ச் அந்தப் பணத்தைத் தன் வரவாக வைத்துக்கொள்ளாமல் அந்த அறக்கட்டளைக்கே அனுப்ப வேண்டும். தொண்டு அறக்கட்டளைக்கான விதி அங்கே பார்த்துக்கொள்ளும்.

‘அப்போ அந்த வரியை மறைச்சிட்டு பொதுக் காணிக்கைன்னு எழுதிட்டா போச்சு’ என்று யாராவது சொல்வார்கள். சொல்லத்தான் செய்வார்கள். அப்படி எழுதினால் வரித்துறையை ஏமாற்றுவது ஒரு பக்கம். பணம் கொடுத்தவரின் நோக்கத்தைக் கணக்கிலிருந்தே அழிப்பது மறுபக்கம். அடுத்த வருஷம் வேறு பொருளாளர் வந்தால் அந்த ஐம்பதாயிரம் கூரைக்கு வந்தது என்பதற்கு அடையாளமே இருக்காது.

புதிய வருமான வரிச் சட்டம் உருவானபோது இந்த விலக்கே ஒரு தடவை ஆட்டம் கண்டது. 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்த முதல் மசோதாவில், முழுக்க மத அமைப்புகளுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. மதமும் தொண்டும் சேர்ந்தவை விடுபட்டிருந்தன. பைஜயந்த் பாண்டா தலைமையிலான தேர்வுக் குழு அதைச் சுட்டிக்காட்டியது. ஆகஸ்ட்டில் திருத்தி வந்த மசோதாவில் விலக்கு திரும்ப வந்தது. 2025-ஆம் ஆண்டு சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமல். பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டதால், பழைய எண்ணைச் சொல்லி ஆடிட்டரிடம் வாதாடாதீர்கள்.

ஜிபே பண்ணா பெயர் வந்துடுமே?

வரும். சில நேரம் பெயர் வரும், சில நேரம் ஒரு யுபிஐ ஐடி மட்டும் வரும். முகவரி வராது. சட்டம் கேட்பது பெயரும் முகவரியும். ஆகவே க்யூஆர் கோடு ஒட்டியதும் பெயரில்லா நன்கொடைப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பது தப்பு. அனுப்பியவர் உறுப்பினர் என்றால் உறுப்பினர் பதிவேட்டிலிருந்து முகவரியை எடுத்துச் சேர்க்கலாம். வெளியூர்க்காரர் என்றால் ஒரு எளிய கூகுள் ஃபார்ம் போதும்.

யுபிஐ-யில் இன்னொரு தொல்லை, குறிப்புப் பெட்டி. ‘ஏழைகள் நிதி’ என்று நீங்கள் எழுதி அனுப்புவது வங்கி ஸ்டேட்மென்ட்டில் பாதி வெட்டுப்பட்டு வரலாம், வராமலும் போகலாம். பொருளாளர் பார்ப்பது ஒரு தொகையையும் ஒரு நீண்ட எண்ணையும்தான். அதனால் அனுப்பியதும் ஸ்கிரீன்ஷாட்டோடு ‘இது இன்னதுக்கு’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். சின்ன வேலைதான், ஆனால் நோக்கத்துக்கு அதுதான் சாட்சி.

இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: “80ஜி ரசீது தருவீங்களா?” ஞாயிறு காணிக்கைக்குப் பொதுவாகக் கிடையாது. ஒரு குறிப்பிட்ட மதச் சமூகத்தின் நலனுக்கென்று உள்ள அமைப்பு 80ஜி-க்குத் தகுதி பெறாது. வரலாற்று, தொல்லியல், கலை முக்கியத்துவம் உள்ளது என்று மத்திய அரசு அறிவித்த வழிபாட்டுத் தலத்தின் பழுதுபார்ப்பு வேலைக்குக் கொடுப்பது மட்டும் விதிவிலக்கு. தகுதி உள்ள இடத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. நீங்கள் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தக் கழிவே கிடையாது, கேட்டுப் பொருளாளரை நோகடிக்க வேண்டாம். ரொக்கத்துக்கு வேறொரு கோடும் உண்டு. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். இது வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

நோக்கம் எழுதிவிட்டால்

வரி விஷயம் ஆடிட்டரோடு முடிந்துவிடும். நோக்கம் குறித்த காணிக்கை அப்படி முடியாது. என் பார்வையில் சர்ச் கணக்கில் நிஜமான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பணம் களவு போவதைவிட அதிகமாக நடப்பது, பணம் ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு நழுவுவது.

இது புதிய பிரச்சினை அல்ல. 2 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரத்தில் யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணத்தை ஆசாரியர்களிடம் விடுகிறார். ராஜாவின் 23-ஆம் வருஷம் வரை வேலை நடக்கவே இல்லை. அதன்பிறகு மூடியில் துளை போட்ட ஒரு பெட்டி பலிபீடத்துக்குப் பக்கத்தில் வைக்கப்படுகிறது. பெட்டி நிறைந்தால் ராஜாவின் எழுத்தரும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணுகிறார்கள். அரண்மனை ஆள் ஒருவர், ஆலய ஆள் ஒருவர். அந்தப் பணத்தில் வெள்ளிப் பாத்திரம் எதுவும் செய்யவில்லை, தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும்தான் போனது என்று வேதாகமம் மெனக்கெட்டுச் சொல்கிறது. அதே பகுதியின் கடைசியில், வேலை நடத்தியவர்கள் நேர்மையாக நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று வரும். கமிட்டிகளில் சிலருக்கு இந்த வசனம் மட்டும் மனப்பாடம். அதற்கு முன்னால் இரண்டு பேர் சேர்ந்து எண்ணியதை விட்டுவிடுவார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இதை நேரடியாகவே சொல்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1267-ஆம் எண்: மக்கள் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்ததை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம். மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று 1287-ஆம் எண். பூசைக் கருத்துக்கு வாங்கும் காணிக்கையைப் பாருங்கள். இறந்த அப்பாவுக்காக ஒருவர் கொடுத்தால், அந்தக் கருத்துக்கு ஒரு பூசை நடந்தே ஆக வேண்டும். யாருடைய கருத்து, எவ்வளவு காணிக்கை, நிறைவேற்றியாயிற்றா என்று தனிப் புத்தகத்தில் எழுத வேண்டும். அந்தப் புத்தகத்தை ஆண்டுதோறும் மேலிடம் பார்க்க வேண்டும். நோக்கம் குறித்த காணிக்கைக்கு இதைவிடத் துல்லியமான கணக்கு முறை வேண்டுமா? ஐம்பது, நூறு ரூபாய்க்கு இருக்கும் இந்த ஒழுங்கு, ஐம்பது லட்சம் கட்டட நிதிக்கு ஏன் இல்லை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளுக்கு இன்னொரு உதாரணம் தெரிந்திருக்கும். 1903-ல் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் உள்ளூர்க் காணிக்கையில் நடக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு உருவானது. மிஷனெரிக்கு என்று சபையில் எடுக்கும் காணிக்கை சங்கத்துக்குப் போய்ச் சேராவிட்டால், எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு ஊழியருக்கு அந்த மாதச் சம்பளம் இல்லை. நம் சபையில் அது ‘கொஞ்சம் லேட்டா அனுப்பிக்கலாம்’ என்ற ஒரு வரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

வங்கி இருப்பு சொல்லும் பொய்

இந்த நழுவல் எப்படி நடக்கிறது? ஒரு கற்பனைச் சபையை எடுத்துக்கொள்வோம். வங்கிக் கணக்கில் 9,40,000 ரூபாய் இருக்கிறது. கமிட்டிக் கூட்டத்தில் பொருளாளர் அந்த ஒரு எண்ணை மட்டும் வாசிக்கிறார். எல்லோர் முகத்திலும் மலர்ச்சி. பண்டிகைக்குப் பந்தல், சவுண்ட் சர்வீஸ், சாப்பாடு என்று 2,50,000 ரூபாய்க்குக் கைதூக்கி முடிவு எடுக்கிறார்கள்.

அந்த 9,40,000-ஐப் பிரித்துப் பார்த்தால்: கட்டட நிதி 6,10,000. ஏழைகள் நிதி 1,45,000. மிஷனெரி காணிக்கை 85,000. இது மட்டும் 8,40,000. சபை தன் விருப்பப்படி செலவு செய்ய உரிமையுள்ள பொதுப்பணம் ஒரு லட்சம்தான். பண்டிகை முடிந்த மறுநாள் ஒன்றரை லட்சம் யாருடையதோ காணாமல் போயிருக்கும். கிட்டத்தட்ட ஏழைகள் நிதி முழுக்க. யாரும் பாக்கெட்டில் போடவில்லை. எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது. ஆடிட்டர் வரவு, செலவு இரண்டையும் சரிபார்த்துக் கையெழுத்தும் போடுவார். ஆனால் ஒரு விதவைக்கு மருந்துச் செலவுக்கென்று யாரோ கொடுத்தது ஷாமியானா ஆகிவிட்டது.

மனதறிந்து செய்தால் சட்டத்தில் இதற்குப் பெயர் நம்பிக்கை மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவில் 316-ஆம் பிரிவு. ஆனால் பெரும்பாலும் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஒரே ஒரு இருப்பு எண்ணைப் பார்த்து முடிவெடுப்பதுதான் காரணம். அதைச் சரிசெய்யத் தனித்தனி வங்கிக் கணக்கு வேண்டும் என்பதுகூட இல்லை. பேரேட்டில் ஒவ்வொரு நிதிக்கும் ஒரு பக்கம், எக்செல் என்றால் ஒரு பத்தி. கமிட்டியில் வாசிக்கும்போது வங்கி இருப்பை முதலில் சொல்லாமல், பொது நிதியின் இருப்பை முதலில் சொல்லுங்கள். இந்த ஒரு மாற்றம் போதும், கைதூக்கும் வேகம் குறைந்துவிடும்.

‘தற்காலிகமா எடுத்துக்கிட்டு அறுப்பின் பண்டிகைல திருப்பிப் போட்டுடலாம்’ என்பார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு முட்டை ஐயாயிரத்துக்குப் போகும் என்பது உண்மை. கூவிய தொகையும் கைக்கு வந்த தொகையும் ஒன்றல்ல என்பதும் உண்மை. ஏலப் பாக்கிப் பட்டியலைப் பார்த்தவர்களுக்குப் புரியும். எனக்குக் கேட்டால் நோக்கம் குறித்த நிதியிலிருந்து கடன் என்பதே வேண்டாம். சம்பளம் கொடுக்க வேறு வழியே இல்லை என்ற நிலை வந்தால், எழுத்தில் தீர்மானம், திருப்பும் தேதி, அடுத்த பொதுக்கூட்டத்தில் அறிவிப்பு ஆகிய மூன்றும் இருக்கட்டும். ஏழைகள் நிதியை மட்டும் அப்போதும் தொடக்கூடாது. அந்தப் பணத்துக்கு உரியவர்கள் கமிட்டியில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள்.

கமிட்டி ஒதுக்கியதும் காணிக்கையாளர் குறித்ததும்

கணக்கில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கமிட்டியே பொதுப்பணத்திலிருந்து மூன்று லட்சத்தை ‘ஜெனரேட்டர் நிதி’ என்று ஒதுக்கி வைக்கலாம். அடுத்த வருஷம் ஜெனரேட்டர் வேண்டாம் என்று தோன்றினால் அதே கமிட்டி அதைக் கலைக்கவும் செய்யலாம். ஆனால் ஒருவர் ‘ஜெனரேட்டருக்கு’ என்று சொல்லிக் கொடுத்தது கமிட்டியின் கையில் இல்லை. ஒதுக்கியது யார் என்பதைப் பொறுத்துத்தான் மாற்றும் உரிமை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் இரண்டு வருஷத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது வகை மூலதன நிதி, ஆடிட்டர்கள் கார்பஸ் என்பார்கள். அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவு செய்ய வேண்டும் என்று கொடுப்பது. ‘அம்மா நினைவாக வருஷம் ஒரு பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுங்க’ என்பது மாதிரி. இது கார்பஸ் என்று கொடுத்தவரே குறிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும். வாங்கிய பிறகு கமிட்டி உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. 2021 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, அதற்கு வரிவிலக்கு வேண்டுமானால் சட்டம் அனுமதித்த முதலீட்டில் அதற்கென்று தனியாக வைத்திருக்கவும் வேண்டும். பெயரில்லாத கவர் கார்பஸ் ஆவது கஷ்டம் என்பது இதிலிருந்தே தெரியும். சொன்னது யார் என்று கேட்டால் காட்ட ஆளில்லை.

அதனால்தான், எண்ணி முடித்ததும் கவரைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். பெயரில்லாத காணிக்கைக்கு அந்தக் கவர்தான் வவுச்சர். தேதி, தொகை, எண்ணிய இருவரின் கையெழுத்து ஆகியவற்றை அதன் மேலேயே போட்டு ஃபைலில் வையுங்கள், போனில் ஒரு படமும் எடுங்கள். எண்ணுகிற இருவர் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் பல ஊர்களில் சொல்ல வேண்டியிருக்கிறது. வரிவிலக்குப் பதிவு பெற்ற அமைப்புகள் எந்தெந்தப் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்ட்டில் வந்த 17ஏஏ விதி பட்டியலே போட்டது. 10 ஆண்டுகள் காப்பாற்றவும் சொல்கிறது. ‘பழைய பொருளாளர் வீட்டு அலமாரியில் இருக்கு’ என்பது பதில் ஆகாது.

மணி வாங்கியாச்சு, மிச்சம் நாற்பதாயிரம்

ஆலய மணிக்கென்று வசூலித்தார்கள். மணி வந்துவிட்டது. நாற்பதாயிரம் மீதி. அல்லது தலைகீழாக, வசூல் பாதியில் நின்று மணியே வாங்க முடியவில்லை. என்ன செய்வது?

கொடுத்தவர்கள் தெரிந்தவர்கள் என்றால் கேட்டுவிடலாம். “அண்ணே, மீதியை மைக் செட்டுக்கு வச்சுக்கலாமா?” என்று ஒரு வார்த்தை, பதிலை எழுத்தில் ஒரு வரி. பெயரில்லாதவரிடம் எப்படிக் கேட்பது? இங்கிலாந்தில் சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. வசூல் பெட்டியில் விழுந்த ரொக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாத கொடையாளர்களின் பணமாகவே கருதி, ஒத்த நோக்கத்துக்குத் திருப்பலாம். தோற்றுப்போன வசூலில் 120 பவுண்டும் அதற்குக் கீழும் கொடுத்தவர்களை, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி முன்பே கேட்காதவரை, தேடிப்போக வேண்டியதில்லை என்று 2022-ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியது. இந்தியாவில் பொது அறக்கட்டளையின் நோக்கத்தை மாற்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் போகலாம். நாற்பதாயிரத்துக்கு யார் போவார்கள்?

அதனால் வசூல் தொடங்கும் முன்பே நோட்டீஸில் ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்: ‘மீதமானால் அல்லது இந்தப் பணி நடக்காவிட்டால், ஆலயப் பராமரிப்புக்குப் பயன்படுத்தப்படும்.’ இதைப் படித்த பிறகு கொடுக்கிறவர், பெயர் சொல்லாவிட்டாலும், சம்மதித்தே கொடுக்கிறார். வசூல் முடிந்த பிறகு இதைச் சேர்த்தால் செல்லாது.

வேண்டாம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். சில நேரம் சொல்லியே ஆக வேண்டும். ஆறு ஏசி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். கரண்ட் பில்லும் வருஷப் பராமரிப்பும் சபை தலையில். அதை ஏற்கும் முன் பொது நிதியால் தாங்குமா என்று பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ‘இந்தத் தெரு பிள்ளைகளுக்கு மட்டும்’, ‘எங்க ஆட்களுக்கு மட்டும்’ என்று நிபந்தனை போட்டு வரும் உதவித்தொகையைத் திருப்பித்தான் கொடுக்க வேண்டும். தெருவின் பெயர் எதற்குப் பதிலாக நிற்கிறது என்று தமிழ்நாட்டுச் சபைகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அப்படி ஒரு நிதியைப் பேரேட்டில் திறந்துவிட்டால் அந்த நிபந்தனைக்கு சபை முத்திரை குத்திக் கொடுத்தது மாதிரி.

‘இன்னாருடைய ஆபரேஷனுக்கு’ என்று ஒரு குடும்பத்தின் பெயர் சொல்லி வரும் பணம் வேறு மாதிரி. அங்கே சபை தபால்காரர்தான். வந்ததைப் பொது வரவில் சேர்க்காமல் தனிப் பக்கத்தில் எழுதி, முழுவதையும் குடும்பத்திடம் ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும். சிகிச்சை எதிர்பார்த்ததைவிடக் குறைந்த செலவில் முடிந்துவிட்டது என்று மீதியைப் பிடித்துவைக்க சபைக்கு உரிமை இல்லை.

வெளிநாட்டு உறவினர்கள் இருக்கும் சபைகளுக்கு ஒரு எச்சரிக்கை. துபாயில் வேலை பார்க்கும் தம்பி இந்தியப் பாஸ்போர்ட்காரர் என்றால், அவர் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை அல்ல. கனடா குடியுரிமை வாங்கிவிட்ட அக்கா அனுப்புவது, ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் பேங்க் கிளையில் அதற்கென்று உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். லீவுக்கு வந்த அக்கா பெயர் போடாமல் கவரில் டாலர் போட்டுவிட்டுப் போனால்? திருமலை உண்டியலில் விழுந்த வெளிநாட்டுப் பணம் கொடுத்தவர் விவரம் இல்லாமல் சிக்கலானதும், அதற்கு அபராதம் விதிக்கப்பட்டதும் 2023-ல் செய்தியானது. அவ்வளவு பெரிய நிர்வாகத்துக்கே அந்தப் பாடு. உங்கள் சபை உண்டியலில் ஒரு டாலர் நோட்டு வந்தால் அதை மாற்றிச் செலவு செய்யும் முன் ஆடிட்டரைக் கூப்பிடுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால் ஆண்டறிக்கையில் நான்கு பத்தி இருக்கிறதா என்று பாருங்கள்: நிதியின் பெயர், ஆண்டுத் தொடக்க இருப்பு, வரவு–செலவு, ஆண்டு இறுதி இருப்பு. இல்லையென்றால் குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம். “ஐயா, ஏழைகள் நிதியில இப்போ எவ்வளவு இருக்கு?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உடனே ஒரு எண் வந்தால் நல்லது. ‘எல்லாம் பொதுவுல சேர்ந்திருக்கு தம்பி’ என்று வந்தால், அந்த வார இறுதியில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பொருளாளர் வீட்டுக்குப் போய், மூன்று வருஷ ரசீதுகளை நிதி வாரியாகப் பிரித்துக் கொடுங்கள்.